தீராத வயிற்று வலி: கணையத்தையும் கொஞ்சம் கவனிப்போம்



போன இதழில் ரத்தசோகை பற்றிப் பார்த்தோம். இந்த இதழில் நம்மில் பலர் பெயரே கேள்விப்படாத ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறோம். அதற்கு நாள்பட்ட கணைய அழற்சி என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயந்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் கூட்டமைப்பில் ஒரு சகோதரி நாலு வருஷம் இந்த நோயோடு, இன்ன நோய் என்று தெரியாமலே கஷ்டப்பட்டிருக்கிறார். அவர் கதையைச் சொன்னாலே பாதி விஷயம் புரிந்துவிடும். "பேர் போடாதீங்கக்கா, ஆனா விஷயத்தை எழுதுங்க. வேற யாரும் என்னை மாதிரி அலையக் கூடாது" என்று அவரே சொல்லித்தான் எழுதுகிறோம்.

10 ரூபாய் அபராதத்தில் தெரிந்த நோய்

அந்தச் சகோதரிக்கு வயது 29. இரண்டு பிள்ளைகள். ஆட்டுக்கடன் வாங்கி, தவணை தவறாமல் கட்டிக்கொண்டிருந்தவர். திடீரென்று குழுக் கூட்டத்துக்கு வருவது குறைந்தது. நம் விதிப்படி கூட்டத்துக்கு வராவிட்டால் 10 ரூபாய் அபராதம். மூன்று கூட்டம் அபராதம் எழுதினார்கள். நாலாவது கூட்டத்துக்கும் ஆள் வராததால், "என்னதான் ஆச்சு, நேர்ல போய்க் கேட்டுட்டு வருவோம்" என்று ஊக்குநரும் பிரதிநிதியும் வீட்டுக்கே போனார்கள்.

போய்ப் பார்த்தால், அவர் மடியில் ஒரு தலையணையை வைத்து, அதன் மேல் குனிந்து கவிழ்ந்தபடி உட்கார்ந்திருந்தார். "இப்படிக் குனிஞ்சி உக்காந்தாத்தான் கொஞ்சம் வலி அடங்குதுக்கா. படுத்தா முதுகுல கம்பியை வச்சுக் குத்துற மாதிரி இருக்கு" என்றார். சாப்பிட்டால் வலி அதிகமாகிறது என்பதால் சாப்பிடவே பயந்து, 48 கிலோ இருந்தவர் 37 கிலோவுக்கு வந்துவிட்டார்.

அதுவரை அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை வாங்கினார். அல்சர் என்று ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். செய்வினை என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி எடுத்துப் பார்த்து, "இரைப்பை நல்லா இருக்கும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அதுவே அவருக்கு வினையாகிப் போனது. "டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க, இவ வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. இதற்குள் 5 வட்டிக்கு வாங்கியது, ஆடு விற்றது எல்லாம் சேர்த்து 64,000 ரூபாய் கரைந்திருந்தது.

ஊக்குநர் அன்றைக்கே கிராம சுகாதார செவிலியரை அழைத்து வந்தார். அவர் இரண்டு கேள்விதான் கேட்டார். "வலி முதுகுக்குப் போகுதா? மலம் எண்ணெய்ப் பிசுக்கா, நாத்தமா, தண்ணியில மிதக்குதா?" இரண்டுக்கும் ஆமாம் என்றார் சகோதரி. உடனே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார். 312 இருந்தது. "இது வெறும் அல்சர் இல்லை, நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார். மறுநாள் அங்கே ஸ்கேனில் தெரிந்தது, கணையத்தில் கல்.

கணையம் எங்கே இருக்கிறது? என்ன வேலை செய்கிறது?

நம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்குவாட்டில் படுத்திருக்கும் உறுப்புதான் கணையம். ஒரு சிறிய மக்காச்சோளக் கதிரைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். எடை 100 கிராம் வரைதான். ஆனால் செய்வது இரண்டு பெரிய வேலை.

ஒன்று, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரைச் சுரக்கிறது. முக்கியமாக எண்ணெய், நெய் போன்ற கொழுப்பைச் செரிக்க இந்த நீர் இல்லாமல் முடியாது. இது ஒரு குழாய் வழியாகக் குடலுக்கு வந்து சேர்கிறது. இரண்டாவது, இன்சுலினைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது இந்த இன்சுலின்தான்.

இப்போது புரிகிறதா, அந்தச் சகோதரிக்கு எண்டோஸ்கோப்பியில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று? அந்தக் குழாய் இரைப்பைக்கு உள்ளே மட்டும் பார்க்கும். கணையம் இருப்பதோ இரைப்பைக்குப் பின்னால். வீட்டுக்குள் தேடினால் கொல்லைப்புறத்தில் இருக்கிற பொருள் கிடைக்குமா? எண்டோஸ்கோப்பி சரியாக இருந்தால் இரைப்பையில் புண் இல்லை என்றுதான் அர்த்தம். நோயே இல்லை என்று அர்த்தம் இல்லை.

கணைய அழற்சி என்றால் என்ன?

அழற்சி என்றால் வெந்து வீங்கிப்போவது. இது இரண்டு வகை.

திடீரென்று வருவது ஒரு வகை. பித்தப்பைக் கல் நழுவி வந்து அடைப்பதாலோ, அளவுக்கு மீறிக் குடிப்பதாலோ திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வரும். இது அவசர நோய். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நல்லபடியாகச் சிகிச்சை செய்தால் பெரும்பாலோருக்குக் கணையம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

நாள்பட்டது இன்னொரு வகை. கணையம் கொஞ்சம் கொஞ்சமாக வெந்து, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தழும்பு கட்டிப்போகிறது. செரிமான நீர் வரும் குழாயில் சுண்ணாம்புச் சத்து படிந்து கல்லாகிறது. நம் வயல் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் கல்லும் மண்ணும் அடைத்துக்கொண்டால், மேலே தண்ணீர் தேங்கிக் கரை முட்டும், கீழே வயல் காயும். அதே மாதிரி குழாய் அடைத்தால் பின்னால் நீர் தேங்கி அழுத்தம் கூடி வலிக்கிறது. இந்தப் பக்கம் குடலுக்கு நீர் வராமல் சாப்பாடு செரிக்காமல் போகிறது. இன்சுலின் சுரக்கும் இடமும் கெட்டுப்போகும்போது சர்க்கரை நோய் வருகிறது. கெட்டுப்போன பகுதி மறுபடி முளைக்காது. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறோம்.

யாருக்கு வருகிறது? குடிப்பவர்களுக்கு மட்டுமா?

ஆண்களுக்கு வருவதில் முதல் காரணம் மதுதான். பிராந்தியோ, பீரோ, சாராயமோ, எதுவானாலும் சரி. அதோடு பீடி, சிகரெட் சேர்ந்தால் கணையம் இன்னும் வேகமாகக் கெடும். குடியை விட்டுவிட்டுப் புகையை மட்டும் தொடர்ந்தாலும் நோய் முற்றும்.

ஆனால் குடிக்கவே குடிக்காதவர்களுக்கும் இது வரும். முக்கியமாக நம் பக்கத்தில் வரும். 1959-ல் இந்தோனேசியாவில் இளவயதுக்காரர்களிடம் கணையக் கல்லும் சர்க்கரையும் சேர்ந்து வருவதைப் பற்றி ஒரு மருத்துவர் எழுதினார். அதன்பின் 1960-களில் கேரளத்து மருத்துவர் கீவர்கீஸ் இப்படிப்பட்ட நோயாளிகள் ஏராளமான பேரைப் பார்த்துப் பதிவு செய்தார். சென்னையிலும் சர்க்கரை நோய் மருத்துவர்கள் இதைப் பல ஆண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். சின்ன வயதில் வயிற்று வலி, கொஞ்ச வருஷத்தில் சர்க்கரை, ஸ்கேனில் கல் என்று வரிசையாக வருவது இதன் அடையாளம். வெப்ப நாடுகளில் அதிகம் பார்த்ததால் வெப்பமண்டலக் கணைய நோய் என்று பெயர் வைத்தார்கள்.

கேரளத்தில் மரவள்ளிக்கிழங்கு அதிகம் சாப்பிடுவதால்தான் வருகிறது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். ஆனால் அந்தக் கிழங்கே சாப்பிடாத ஊர்களிலும் நோய் இருக்கிறது. அதனால் அது நிரூபணமாகவில்லை. நன்றாக வேகவைத்த கிழங்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிறவியிலேயே மரபணுவில் இருக்கும் சில மாற்றங்கள் ஒரு காரணம் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் கால்சியம் மிக அதிகமாக இருப்பது, ஒரு வகைக் கொழுப்பு மிக அதிகமாக இருப்பது, குழாயின் அமைப்பிலேயே கோளாறு இருப்பது ஆகியவையும் காரணமாகலாம். எல்லாம் பார்த்தும் காரணம் தெரியாதவர்களும் உண்டு.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறோம்? நம் சகோதரிக்கு நோய் இன்னதென்று தெரிந்ததும் ஊரில் முதலில் வந்த பேச்சு, "கணையம் கெட்டுப்போச்சுன்னா குடிச்சிருப்பா போல" என்பதுதான். வாழ்நாளில் மதுவைத் தொடாதவர் அவர். வலியைவிட அந்தப் பேச்சுதான் அதிகம் வலித்தது என்கிறார். மருத்துவர் "குடிப்பழக்கம் உண்டா?" என்று எல்லோரையும் கேட்பார். அது சிகிச்சைக்காகக் கேட்கும் கேள்வி. கோபப்படாமல் உள்ளதைச் சொல்லலாம். ஆனால் அந்தக் கேள்வியை ஊர்க்காரர் கேட்க வேண்டியதில்லை. குழு உறுப்பினர்களாகிய நாம் அப்படிப் பேசவே கூடாது.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

1. மேல்வயிற்றில் வலி. முதுகுப் பக்கம் பரவும். சாப்பிட்டபின் கூடும். குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். சிலருக்கு விட்டு விட்டு வரும், சிலருக்கு எப்போதும் இருக்கும்.

2. மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்காக, அதிக நாற்றத்தோடு போகும். தண்ணீர் ஊற்றினாலும் சீக்கிரம் போகாமல் மிதக்கும். கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறுவதுதான் காரணம்.

3. காரணமில்லாமல் உடம்பு இளைத்துக்கொண்டே போகும்.

4. ஒல்லியாக இருப்பவருக்கு, இளவயதிலேயே சர்க்கரை வரும். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், ஆறாத புண் இருக்கும்.

5. சிலருக்கு வலியே இருக்காது. சர்க்கரையும் இளைப்பும் மட்டும் இருக்கும்.

கேஸ் மாத்திரை, அல்சர் மாத்திரை சாப்பிட்டும் சில வாரத்துக்கு மேல் மேல்வயிற்று வலி தீரவில்லை என்றால், அதே மாத்திரையை மறுபடி மறுபடி வாங்காதீர்கள். "வயிற்றை ஸ்கேன் பண்ணிப் பாக்கணுமா டாக்டர், கணையத்துல ஏதும் இருக்குமா?" என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை, நம் உரிமை. அடிக்கடி வயிற்று வலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளைகளையும் "பள்ளிக்கூடம் போகப் பிடிக்கல" என்று திட்டுவதோடு விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ரத்தப் பரிசோதனை: அமைலேஸ், லைபேஸ் என்று இரண்டு பார்ப்பார்கள். திடீர் அழற்சியில் இவை பல மடங்கு ஏறும். ஆனால் நாள்பட்ட நோயில் சாதாரண அளவே காட்டலாம். அதனால் ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது. சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கால்சியம், கொழுப்பு ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

வயிற்று ஸ்கேன்: சாதாரண ஸ்கேனிலேயே பலருக்குக் கல்லும் வீங்கிய குழாயும் தெரியும். குடலில் காற்று இருந்தால் கணையம் சரியாகத் தெரியாமலும் போகலாம். சிலருக்கு சாதாரண எக்ஸ்ரேயிலேயே கல் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

சி.டி. ஸ்கேன்: கல், தழும்பு, வீக்கம், கட்டி எல்லாம் இதில் தெளிவாகத் தெரியும்.

எம்.ஆர்.சி.பி. ஸ்கேன்: குழாய் எங்கே அடைத்திருக்கிறது, எங்கே விரிந்திருக்கிறது என்று பார்க்க எடுப்பது.

எண்டோஸ்கோப்பி வழி ஸ்கேன்: குழாயின் நுனியில் ஸ்கேன் கருவி இருக்கும். மற்ற ஸ்கேனில் தெரியாத ஆரம்ப நிலை நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்வார்கள்.

மலப் பரிசோதனை: கணைய நீர் போதுமான அளவு சுரக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

இவை எல்லாமே எல்லோருக்கும் தேவைப்படாது. மருத்துவர் படிப்படியாகத்தான் சொல்வார். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் ஒரு பையில் தேதி வாரியாக வைத்துக்கொள்ளுங்கள். நம் சகோதரி மூன்று இடத்தில் ஒரே பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுத்திருந்தார். பழைய ரிப்போர்ட் கையில் இல்லாததுதான் காரணம்.

என்ன சிகிச்சை?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த நோயை அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் வலியைக் குறைக்கலாம், இழந்த உடம்பைத் தேற்றலாம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கலாம். ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தால் வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்து நன்றாக வாழலாம்.

மதுவும் புகையும் வேண்டாம்: இதுதான் முதல் மருந்து. கொஞ்சமாகக் குடிக்கலாமா என்றால், கூடாது. குடியை விட முடியாதவரைத் திட்டுவதால் பயன் இல்லை, அதுவும் ஒரு நோய். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, குழப்பம் வரலாம். அதனால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் உதவியோடு நிறுத்துவது நல்லது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உள்ள சகோதரிகளும் இந்த வேளையில் அதை விட்டுவிடுங்கள்.

வலிக்கு: பாராசிட்டமாலில் தொடங்கி, தேவைக்கேற்ப மருத்துவர் கூட்டுவார். கடையில் நாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரையும் அடிக்கடி போட்டுக்கொள்ளும் வலி ஊசியும் இரைப்பையில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

செரிமான என்சைம் மாத்திரை: கணையம் சுரக்காத நீரை மாத்திரையாகக் கொடுப்பது. இதைச் சாப்பிடும் முறை முக்கியம். சாப்பாட்டோடு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றிலோ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ போட்டால் பயன் இல்லை. சாப்பாட்டைக் கலக்கிச் செரிக்க வைப்பதுதானே அதன் வேலை. மெல்லக் கூடாது, சூடான காப்பி, டீயோடு விழுங்கக் கூடாது. நம் சகோதரி இதை முதல் இரண்டு மாதம் ராத்திரி படுக்கும்போது போட்டிருக்கிறார். "பலனே இல்லைன்னு நெனச்சேன். நர்ஸம்மா சொன்னப்புறம் சோத்தோட போட்டேன். ஒரே மாசத்துல மூணு கிலோ ஏறிச்சு" என்கிறார். இந்த மாத்திரை பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து தயாராகிறது. அதில் மனச்சங்கடம் உள்ளவர்கள் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள்.

கல்லுக்கு: குழாயில் உள்ள கல்லை வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கலாம். எண்டோஸ்கோப்பி வழியாகக் கல்லை எடுத்து, அடைத்த இடத்தில் சிறு குழாய் வைக்கலாம். இவற்றுக்கு அடங்காத வலிக்கு அறுவை சிகிச்சை உண்டு. கணையக் குழாயை நீளவாக்கில் திறந்து, கல்லை எடுத்துவிட்டு, குடலோடு இணைத்துவிடுவார்கள். அடைத்த வாய்க்காலுக்குப் புது மடை திறந்துவிடுவது போலத்தான். குழாய் விரிந்து வலி தீராமல் இருப்பவர்களுக்கு, வருஷக்கணக்கில் தள்ளிப் போடாமல் சீக்கிரம் அறுவை செய்வது வலியை நன்றாகக் குறைக்கிறது என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

"வாழைத்தண்டுச் சாறு குடிச்சா கல் கரையுமாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். இது சிறுநீரகக் கல் இல்லை, கணையக் கல். வாழைத்தண்டு சாப்பாட்டுக்கு நல்லது. கணையக் கல்லை அது கரைக்காது.

சர்க்கரை வந்தால்

கணையம் கெட்டு வரும் சர்க்கரை நோய், நம் ஊரில் பலருக்கு இருக்கும் சர்க்கரை நோயிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. இதில் பலருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படும். "ஊசி ஆரம்பிச்சா விட முடியாது" என்று பயந்து தள்ளிப் போட்டால் உடம்புதான் இளைக்கும். உடம்பில் இல்லாத பொருளை ஊசியாகக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தச் சர்க்கரை திடீரென்று அளவுக்குக் கீழே இறங்கும் ஆபத்து அதிகம். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நூறு நாள் வேலைக்கோ களை வெட்டவோ போகக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுதல், உளறல் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி கொடுக்கலாம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். உடனே 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் பிரிட்ஜ் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இன்சுலினைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈரமான மண்பானைக்குள், வெயில் படாத இடத்தில் வைக்கலாம். பயன்படுத்தத் தொடங்கிய பாட்டிலை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்று மருந்து கொடுக்கும் இடத்தில் கேட்டுத் தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள். பெரும்பாலும் நாலு வாரம்தான்.

என்ன சாப்பிடலாம்?

"எண்ணெய் ஒரு சொட்டு கூடக் கூடாது, கஞ்சி மட்டும் குடி" என்று சொல்லியே பலரை எலும்பும் தோலுமாக ஆக்கிவிடுகிறோம். அது சரியில்லை. இந்த நோயாளிக்கு நல்ல சத்து வேண்டும்.

மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுவதற்குப் பதில், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து ஆறு வேளை சாப்பிடலாம். பருப்பு, முட்டை, மீன், தயிர், சுண்டல் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒரு புரதச்சத்து இருக்கட்டும். வடை, போண்டா போல எண்ணெயில் பொரித்ததைக் குறைக்கலாம். தாளிக்கிற எண்ணெயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், என்சைம் மாத்திரை சேர்த்துக்கொண்டால் செரிக்கும். சர்க்கரையும் இருந்தால் சோற்றின் அளவை மருத்துவர் சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பு செரிக்காதபோது அதோடு சேர்ந்து ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களும் உடம்பில் சேராது. எலும்பு பலமிழக்கும், மாலைக்கண் வரலாம். அதனால் மருத்துவர் தரும் வைட்டமின், கால்சியம் மாத்திரைகளைச் "சத்து மாத்திரைதானே" என்று விட்டுவிடாதீர்கள். மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வையுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம்

தாங்க முடியாத வலி, நிற்காத வாந்தி, வலியோடு காய்ச்சல், கண் மஞ்சளாவது, ரத்த வாந்தி அல்லது தார் போலக் கறுத்த மலம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. கண் மஞ்சளானதும் காமாலைக்கு மருந்து கட்டப் போகிறோம் என்று நாளைக் கடத்தாதீர்கள். இந்த நோயாளிகளுக்குக் காலப்போக்கில் கணையத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் வலி அடங்கி நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று மறுபடி இளைப்பு, புது வலி, மஞ்சள் வந்தால் கட்டாயம் காட்ட வேண்டும்.

எங்கே போவது? செலவுக்கு என்ன செய்வது?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். குடல் இரைப்பை நோய்ப் பிரிவைக் கேளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கென்று தனிப்பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மேசையில் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அட்டை இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல், குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு இப்போதே ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யுங்கள்.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

நம் சகோதரிக்கு அறுவை சிகிச்சை காப்பீட்டிலேயே நடந்தது. ஆனால் துணைக்கு இருந்தவர் சாப்பாடு, பஸ் செலவு, வேலைக்குப் போகாத கூலி எல்லாம் இருக்கிறதே. குழு கூடி 8,000 ரூபாய் அவசர உள்கடன் கொடுத்தது. ஆட்டுக்கடன் தவணையை நாலு மாதம் தள்ளி வைத்தது. இரண்டு உறுப்பினர்கள் மாற்றி மாற்றி அவர் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். எழுதிய 30 ரூபாய் அபராதத்தையும் தீர்மானம் போட்டுத் தள்ளுபடி செய்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. "மூணு கூட்டம் அபராதம் எழுதினோமே தவிர, ஏன் வரலைன்னு ஒரு தடவை கேட்டோமா?" என்று ஊக்குநர் கூட்டத்தில் கேட்டிருக்கிறார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது அந்தக் குழுவில் ஒரு புது விதி இருக்கிறது. இரண்டு கூட்டம் தொடர்ந்து ஒருவர் வராவிட்டால், அபராதம் எழுதும் முன் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். எல்லாக் குழுக்களும் இதை யோசிக்கலாமே.

சகோதரி இப்போது 44 கிலோ இருக்கிறார். வலி முழுக்கப் போகவில்லை, எப்போதாவது வருகிறது. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை. "நோய் போகல, ஆனா என் சொல்லை நம்புறாங்கக்கா. அதுவே பாதி குணம்" என்று சிரிக்கிறார். இரண்டு ஆடு மறுபடி வாங்கியிருக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் நீண்ட நாள் வயிற்று வலியோடு இருப்பவர் யார்? கடைசியாக எப்போது மருத்துவரைப் பார்த்தார்?

2. எத்தனை உறுப்பினர்களிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறது? இல்லாதவர்களை யார் அழைத்துப் போவது?

3. கூட்டத்துக்கு வராதவரை வீட்டில் போய்ப் பார்க்கும் பொறுப்பை யார் ஏற்பது?

4. மருத்துவ அவசரத்துக்கு உள்கடனில் எவ்வளவு ஒதுக்கி வைக்கலாம்?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுத்தறியாத சகோதரிகளுக்கு இந்தக் கட்டுரையைக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அடுத்த இதழில் வேறொரு உடல்நலச் செய்தியோடு சந்திப்போம்.